சாரிபெல் கணவாயில் விழாமல் நின்ற விமானம்

ஜெர்மன்காரனோடு நடந்த போர் முடிந்த மறுவருஷம், புல் காய்ந்து ஆடுகள் கீழே இறங்கும் பருவத்தில், இரண்டு எஞ்சின் வைத்த ராணுவ விமானம் ஒன்று சாரிபெல் கணவாயின் வடக்குப் பாறையில் மோத ஒரு குதிரை நீளம் பாக்கி இருந்தபோது வானத்திலேயே நின்றுவிட்டது. அந்த வாரம் நாரின் சந்தையில் தேயிலை விலை ஏறியிருந்தது, உப்பு கண்ணிலேயே படவில்லை. விமானம் கீழே விழவும் இல்லை, நகரவும் இல்லை. விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது, மூக்கு மட்டும் பாறையை முகர்ந்து பார்ப்பதுபோல் நீண்டிருந்தது. முதல் நாள் ஊரே அடிவாரத்துக்கு ஓடியது. மூன்றாம் நாள் பாதிப் பேர் ஆடுகளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். கூட்டுப் பண்ணைத் தலைவருக்கு இருந்த கவலை ஒன்றுதான், இந்தச் சத்தத்தில் பெட்டைக் குதிரைகள் கறக்க விடுமா என்று. குதிரைகள் மனிதர்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டன.

விமானத்துக்குள் இருந்தவர்கள் போர் முடிந்தும் ஊர் திரும்பத் தாமதமான சிப்பாய்கள். எங்கள் ஊர்க்காரன் ஒருவன்தான், பெக்தெனின் மகன் மாம்பெத். ஃபுரூன்ஸே நகரத்திலிருந்து ராணுவ விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது, வந்துகொண்டே இருக்கிறேன் என்று தந்தி அடித்திருந்தான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் மனைவி துர்சுனாய், கல்யாணமாகி இரண்டு மாதத்தில் புருஷனைப் போருக்கு அனுப்பியவள், ஆட்டுத் தடத்தில் ஏறி எதிர்ப் பக்கத்துத் திட்டில் நின்று பார்த்தாள். மூன்றாவது ஜன்னலில் தொப்பி வைத்த ஒரு தலை. அந்தக் காதுகளை அவளுக்குத் தெரியும். தூரம் அதிகம், முகம் சரியாகத் தெரியவில்லை. அசையாமல் இருந்ததால் தூங்குகிறான் என்று எடுத்துக்கொண்டாள். பாவம், ஐந்து வருஷத் தூக்கம் பாக்கி இருக்குமே என்று நினைத்துக் கீழே இறங்கினாள். இளவட்டங்கள் கயிறு போட்டுப் பக்கத்தில் போகப் பார்த்தார்கள். விசிறிக் காற்று அவர்களைப் பஞ்சு மாதிரி வீசி எறிந்தது, ஒருவனுக்குத் தோள் இறங்கிப்போனது. அதற்கப்புறம் யாரும் போகவில்லை.

பனி விழுவதற்கு முன் நீளக் கோட்டுப் போட்ட அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். ஊர் ஆடு அடித்துப் போட்டது. சாப்பிட்டுக் கைகழுவி, விமானத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, அப்படி எந்த விமானமும் புறப்படவில்லை, புறப்படாத விமானத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொன்னார்கள். உறுமலில் முதல் தடவை யாருக்கும் காதில் விழாததால் இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேதான் சிக்கல். எங்கள் கிர்கிஸ் சனங்களிடம் சாவுச் செய்தியை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. அதற்கென்று வாக்கு உள்ள ஒரு ஆள் வேண்டும். உறவுகளை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, வேறு எதையோ பேசுவதுபோல் ஆரம்பித்து, சுற்றி வளைத்து, கேட்கிறவர்கள் தாங்களே புரிந்துகொண்டு அலறும் இடம்வரை அவர்களைக் கைபிடித்துக் கொண்டுபோக வேண்டும். அது கேட்கப்படாதவரை செத்தவன் சாவதில்லை. விமானம் ஏன் நிற்கிறது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சொல்லவில்லை, அதனால் விழவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அந்த வாக்கு உள்ளவர் காரிப்பாய். போர்க் காலத்தில் அவர் குதிரை ஒரு வீட்டுப் பக்கம் திரும்பினாலே பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் அவர் ஒரு பிழை செய்துவிட்டார். படையிலிருந்து வந்த தகவலை நம்பி, போருக்குப் போயிருந்த எங்கள் ஊர் அசனாலி செத்துவிட்டான் என்று அவன் தாயிடம் முறையாகச் சொல்லி முடித்தார். தாய் ஒப்பாரி வைத்தாள், நாற்பதாம் நாள் குதிரை வெட்டி ஊருக்கே சோறு போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அசனாலி கட்டைக்கால் ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். அன்று முதல் அவன்மேல் பனி தங்குவதில்லை, நாய்கள் அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை, தேநீர் அவன் கைக்கு வந்ததும் ஆறிப்போகும். "என் சாவுச் சோத்துல எனக்குன்னு ஒரு எலும்புகூட எடுத்து வைக்கலையேடி, பாவிகளா!" என்று பெண்களைச் சீண்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள், காரிப்பாயைத் தவிர. இனிமேல் சாகாத எவனைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன் என்று அவர் சபதம் எடுத்திருந்தார். மாம்பெத்தின் அப்பா பெக்தெனும் கேட்கத் தயாராக இல்லை. "எம்மவன் ஆகாசத்துல இருக்கான், மண்ணுல இல்ல. மண்ணுக்கு வரட்டும், அப்ப அழறேன்" என்பது அவர் பேச்சு.

வருஷங்கள் போயின. உப்பு வந்தது, மின்சாரக் கம்பம் வந்தது, கம்பி வரவில்லை. மலைக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கு மேய்ப்பர்கள் மூலமாக விஷயம் போய்ச் சேர்ந்தது. காத்து அலுத்த குடும்பங்கள் தங்கள் ஊர் ஆட்களை வைத்து ஒவ்வொன்றாகச் செய்தி கேட்டு அழுது முடித்தன. அழுது முடித்த அன்றைக்கே ஒரு ஜன்னல் காலியாகும். திட்டில் நின்று துர்சுனாய் அதைப் பார்ப்பாள். நான்காவது ஜன்னல், பிறகு முதலாவது, பிறகு வால் பக்கத்தில் இருந்தவை. அவள் மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் அவன் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி வைத்தாள். அவனைவிட இரண்டு வயது சின்னவளாக இருந்தவள் அவனைவிட ஒன்பது வயது மூத்தவளாகிவிட்டாள். மனைவியா விதவையா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சிவப்பும் உடுத்த முடியவில்லை, கறுப்பும் உடுத்த முடியவில்லை. பழுப்பு நிறப் பாவாடையிலேயே இளமை முழுக்கக் கழிந்தது.

பதினோராம் வருஷம் கோடையில், மலையை அளக்க ஒரு கூட்டம் வந்து கூடாரம் போட்டது. எல்லா உச்சியையும் அளந்து வரைந்தார்கள், விமானத்தை மட்டும் வரையவில்லை. அவர்களில் ஒரு ரஷ்யப் பெண், துர்சுனாய் கொடுத்த குதிரைப்பால் மோருக்குப் பதிலாகத் தன் தொலைநோக்கியை இரண்டு நாள் இரவல் கொடுத்தாள். துர்சுனாய் திட்டில் ஏறிக் கண்ணில் வைத்தாள். மாம்பெத் தூங்கவில்லை. கண்கள் அகலத் திறந்திருந்தன. முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், வாய் பாதி திறந்திருந்தது, பார்வை பாறைமேல் இருந்தது. அவனுக்கு முன்னால், மூக்குப் பக்கத்தில், வெளுத்த முடிக்கார விமான ஓட்டி சுக்கானை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தான். வேறு யாரும் பாக்கி இல்லை. பதினோரு வருஷமாக அந்தப் பாறை தன்மேல் வருவதை மாம்பெத் பார்த்துக்கொண்டிருக்கிறான், தானோ கீழே தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று நிம்மதியாக இருந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. திட்டிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அத்தா, அவரு தூங்கல" என்று மாமனாரிடம் சொன்னாள். "கண்ணு முழிச்சிருக்கு. பாறையத்தான் பாக்குறாரு. பயந்துபோய் இருக்காரு."

"முழிச்சிருந்தா உசுரோட இருக்கான்னுதானே அர்த்தம்?" என்றார் பெக்தென். "டிராக்டர்காரன் கண்ணு உம்மேல விழுந்ததுலேருந்து எம்மவன் கண்ணு உனக்கு உறுத்துதாக்கும்."

டிராக்டர்காரன் பேச்சு ஊரில் இருந்தது உண்மைதான், பேச்சைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. துர்சுனாய் தொலைநோக்கியை அவர் மடியில் வைத்தாள். "காலைல உங்கள எருது மேல ஏத்திக் கூட்டிட்டுப் போறேன். நீங்களே பாருங்க. பாத்துட்டு என்னைய என்ன வேணா சொல்லுங்க."

கிழவரை எருதின் முதுகில் கட்டாத குறையாக உட்கார வைத்து ஏற்றிக்கொண்டு போனாள். அவர் வெகுநேரம் பார்த்தார். தொலைநோக்கியைக் கீழே இறக்கியபோது அவர் தாடி நனைந்திருந்தது. "சின்னப் புள்ளையில ஒரு வெறிநாய் துரத்துனப்ப இதே மூஞ்சியத்தான் வச்சிருந்தான். நான் ஓடிப்போய்த் தூக்குனேன்" என்றார். பிறகு, "காரிப்பாயக் கூப்புடு தாயி" என்றார்.

காரிப்பாய் வந்தார், ஆனால் வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. "நான் சொன்னா அவன் விழுந்துருவான், பெக்தென். என் வாயால ஒருத்தனப் பாதி கொன்னது போதும்."

அசனாலி கட்டைக்காலை நீட்டியபடி வெளியே விறகுக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவன் பேச்சில் அன்று கேலி இல்லை. "மாமா, பாதியில நிக்கிறது எப்படி இருக்கும்னு எங்கிட்டக் கேளுங்க. சூடா ஒரு மடக்குத் தேநீர் குடிச்சு எவ்வளவு காலமாச்சு எனக்கு. என்னைய விடுங்க, நான் பேசிச் சிரிச்சுக் காலத்த ஓட்டிருவேன். அவனுக்கு வாயத் திறக்கக்கூட வழியில்ல. முழுசா முடிச்சு விடுங்க."

காரிப்பாய் உள்ளே வந்தார். பெக்தெனையும் துர்சுனாயையும் நடுவில் உட்கார வைத்தார்கள், பக்கத்துக்கு இருவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அடிவாரத்தில் மேய்ந்த ஆடுகளை ஊர் ஏற்கெனவே ஓட்டி அப்புறப்படுத்தியிருந்தது. காரிப்பாய் ஒரு ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அதைக் கடக்கப் போன ஒரு குதிரையைப் பற்றி, அக்கரையில் காத்திருந்தவர்களைப் பற்றி, சேணம் மட்டும் கரை ஒதுங்கியதைப் பற்றி. "பெக்தென், அந்தச் சேணம் உன் வீட்டுச் சேணம்" என்று முடித்தார். கிழவர் அலறினார். துர்சுனாய் எங்கள் பெண்கள் செய்கிற மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. ஒப்பாரியில் சொல்லாமல் முடியாது. மாம்பெத், என் மாம்பெத், போ, பயப்படாமல் போ என்று முதல் தடவையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. விழுகிற சத்தம் கேட்கவில்லை. உறுமல் நிற்கவும் இல்லை. விடிந்ததும் அவள் மலையேறிப் பார்த்தாள். மூன்றாவது ஜன்னலில் வெறும் இருக்கை, அதன்மேல் வெயில். முன்னால் ஓட்டி மட்டும் சுக்கானை இழுத்துப் பிடித்தபடி இருந்தான்.

அவள் ஒரு வருஷம் கறுப்பு உடுத்தினாள், பிறகு ஊர் முறைப்படி களைந்தாள். டிராக்டர்காரன் அதற்குள் வேறு பெண்ணைக் கட்டியிருந்தான், அவள் பொருட்படுத்தவில்லை. சிவப்புத் துணி வாங்கித் தைத்துப் போட்டுக்கொண்டு, நாற்பது வயதில் கூட்டுப் பண்ணைப் பால்பண்ணைக்குப் பொறுப்பாளராகி, எல்லோரையும் அதட்டிக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தாள். பெக்தென் தூக்கத்தில் இறந்தார். ஓட்டியின் ஊரையும் பேரையும் கேட்டுக் காரிப்பாய் இரண்டு தடவை ராணுவ அலுவலகத்துக்குப் போய் வந்தார். புறப்படாத விமானத்துக்கு ஓட்டி ஏது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துர்சுனாய் போய்க் கேட்டபோதும் அதே பதில். வேற்றூர்ப் பிள்ளைக்காகத் தான் ஒப்பாரி வைக்கலாமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். பேர் தெரியாமல் வைக்க முடியவில்லை.

இப்போது அந்த உறுமலை நாங்கள் யாரும் கவனிப்பதில்லை, வெளியூர்க்காரர்கள் வந்து என்ன சத்தம் என்று கேட்டால்தான் நினைவுக்கு வரும். விமானம் சாரிபெல்லில் அதே இடத்தில் நிற்கிறது. அந்த வெளுத்த முடிக்காரன் பாறையைப் பார்த்தபடி சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எந்த ஊரில் இருக்கிறாளோ, அவன் அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.