தாம்பூலப் பையில் என் கணக்கு வகுப்பு

எவனெவனோ திருடிவிடுவான் என்று பூட்டுமேல் பூட்டாகப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் அப்பா அதைத் தேங்காய், வெற்றிலை பாக்கோடு சேர்த்துப் பையில் போட்டு, மண்டப வாசலில் நின்று சிரித்த முகமாக ஊருக்கே கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

நான் சுடர்விழி. குரூப் ஃபோர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பார்த்த வேலையை உதறிவிட்டு வந்து, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டின் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, கேமரா முன்னால் தனியாளாகப் பேசிப் பேசி எடுத்த பாடங்கள். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடினால் நிறுத்த வேண்டும். கோயிலில் ஸ்பீக்கர் போட்டால் நிறுத்த வேண்டும். ஆடு கத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூட்டுவட்டி நடத்தித் தொண்டையே கட்டிக்கொண்டது. இந்தப் பாடங்களைப் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளை நம்பித்தான் என் பிழைப்பு. புது பேட்ச் அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தது. அது நிறைந்தால் நான் சொந்தக் காலில் நின்றுவிடுவேன். நிறையாவிட்டால் மறுபடி அந்தக் கல்லூரிக்காரன் முன்னால் போய், "சார், வேலை இருக்கா?" என்று பல்லைக் காட்ட வேண்டும்.

அதனால்தான் அத்தனை பூட்டு. ஒருவர் பெயரில் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனில்தான் பாடம் ஓடும். யாராவது திரையைப் பதிவு செய்யப் பார்த்தால் கறுப்பாகிவிடும். பார்க்கிறவருடைய ஃபோன் நம்பர் வீடியோவின் மேலே மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு ஃபோனை வைத்துப் படம் பிடித்தாலும் யாரென்று மாட்டிக்கொள்வார்கள். திருட்டுக் குழுக்களில் என் பாடத்தைப் போட்டவன்களைத் தேடிப் பிடித்து, "ஏன்டா, உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போடுவதில் எனக்கு வெட்கமே கிடையாது.

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு முந்தின வாரம்தான் செவ்வந்தி என்கிற பெண்ணை வகுப்பிலிருந்து பிளாக் செய்திருந்தேன். திருவிடைமருதூர்க்காரி, ஜவுளிக்கடையில் வேலை. அவள் பெயரில் காலையில் திருவிடைமருதூரில் ஓடுகிற பாடம், சாயங்காலம் திருப்பூரில் ஓடியது. தினமும் இதே கதை. கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை.

"என் தங்கச்சி மேடம். பனியன் கம்பெனில இருக்கா. அவளும் பரீட்சை எழுதுறா. ரெண்டு பேருக்கும் கட்ட முடியல மேடம்" என்று அழுதாள்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்குப் பாவம் பார்த்தால் மறுநாள் எல்லோருக்கும் ஒரு தங்கச்சி முளைத்துவிடுவாள். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நான்கைந்து முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் அறிவுச்செல்வனின் மகளுக்குக் காதணி விழா, ஒரத்தநாட்டில் பெரிய மண்டபத்தில். அண்ணன் அங்கேயே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். அப்பா இராஜாங்கம் சின்ன வயதில் பண்ணை வீட்டுக்கு மாடு மேய்த்தவர். கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்து, கடைசியில் சொந்தமாக நிலம் வாங்கினவர். அடுத்தவர் விசேஷத்தில் பந்தலுக்கு வெளியே நின்று வாங்கியே பழகின குடும்பம் என்பதால், நம் வீட்டு விசேஷத்தில் யாரும் கொடுக்காததைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. இந்தத் தடவை என்ன என்று கேட்டதற்கு, "நீ பாக்கத்தான போற" என்று மீசைக்குள் சிரித்தார். எவர்சில்வர் டப்பாவாக இருக்கும் என்று நினைத்தேன், முட்டாள்.

பந்தி முடிகிற நேரம். மைக்கில் யாரோ கத்துகிறார்: "வருகை தந்த அனைவரும் தவறாமல் தாம்பூலப் பை பெற்றுச் செல்லவும்! நமது சுடர்விழி அவர்களின் கணக்குப் பாடம் முழுவதும் பென்டிரைவில்! முற்றிலும் இலவசம்!"

வாசலுக்கு ஓடினேன். ஒரு பையைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தேன். தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவில் சிவப்புப் பென்டிரைவ். அதன்மேல் ஸ்டிக்கர்: "அன்பளிப்பு: இராஜாங்கம் குடும்பத்தார்." கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்துவிட்டு வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதுவார்களே, அந்தப் பழக்கம்.

பாபநாசத்துத் தியாகேசன் மாமா இரண்டு பைகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். "வா ஆயி! எம்மவனுக்கு ஒண்ணு, மருமவளுக்கு ஒண்ணு. மச்சினன் ஊருக்கும் ஒண்ணு அனுப்பணும். நல்ல காரியம் பண்ணுன போ!" என்றார்.

நான் அண்ணனைச் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "எங்கேர்ந்துடா எடுத்த?"

அவனை நான் அதுவரை டா போட்டதே இல்லை. திருதிருவென்று விழித்தான். "உன் ரூம்ல ஹார்ட் டிஸ்க் இருந்துச்சுல்ல. அப்பாதான் சொன்னாரு. உனக்கு சர்ப்ரைஸ்னு."

ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது ஒரிஜினல். நம்பர் ஊராது. கறுப்பாகாது. எந்தப் பூட்டும் இல்லாத சுத்தமான பாடம். திருடனுக்குக்கூட அந்தத் தரத்தில் கிடைத்ததில்லை. ஊரான் வராமல் இருக்க வாசலெல்லாம் அடைத்தேன். என் வீட்டுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

அப்பாவிடம் போனேன். "நிறுத்துங்கப்பா. இப்பவே நிறுத்துங்க."

"ஏன் ஆயி? எல்லாம் சந்தோசமா வாங்கிட்டுப் போறாங்க."

"அது என் சோறுப்பா! அதை வித்துத்தான் நான் சாப்புடுறேன்!"

"சத்தம் போடாத, சனம் பாக்குது. நம்ம சொந்தக்காரங்ககிட்டயே காசு வாங்கணுமா? காசு கட்ட முடியாத புள்ளைங்க நாலு படிச்சுட்டுப் போகட்டுமே."

"கட்ட முடியாதவ ஒருத்திய நான் போன வாரம்தான் கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளினேன். உங்ககிட்ட பை வாங்குறவன்ல பாதிப்பேரு கார்ல வந்திருக்கான்!"

அப்பா அடுத்த பையை எடுத்தார். அதுதான் எனக்கு ஆகவில்லை.

"அறுத்த கட்டுக்குக் கூலி குடுக்காம, 'நம்ம ஊர்க்காரந்தான'ன்னு பண்ணையில சொன்னப்ப நீங்க என்ன பண்ணீங்க? அருவாள வரப்புல போட்டுட்டு உக்காந்தீங்கள்ல? நானும் கூலிதான்பா கேக்குறேன்."

"அது உடம்பால செஞ்ச வேலை. இது நீ பேசுனது. பேசுனதைப் பத்துப்பேரு கேட்டா என்ன குறைஞ்சு போவுது?"

என்னமோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் தொண்டை கிழியப் பேசினது வேலையே இல்லையாம். பெற்ற அப்பா சொல்கிறார். இதையே வெளியாள் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலி முழுசாக இருந்திருக்காது.

மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்குள் பென்டிரைவின் படம் என் வகுப்புக் குழுவுக்கே வந்துவிட்டது. பின்னாலேயே செய்திகள். "மேடம், எங்களுக்குப் பையில வந்துருச்சு, அதனால இந்த பேட்ச்ல சேரல." "மேடம், நான் கட்டினதைத் திருப்பித் தருவீங்களா?" ஒரு புண்ணியவான் கேட்டிருந்தான்: "பாடம் கிடைச்சிருச்சு மேடம். சந்தேகம் கேக்குற நம்பர் மட்டும் குடுங்க." இந்த நெஞ்சழுத்தத்துக்கு என்ன பதில் எழுதுவது?

அந்தப் படம் எப்படியோ செவ்வந்திக்கும் போய்ச் சேர்ந்து, அவள் கூப்பிட்டாள். இந்த முறை எடுத்தேன். அவள் அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மேடம். என் தங்கச்சிக்குக் குடுத்தேன்னு என்னைத் தூக்குனீங்க. உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தா ஆளுக்கொண்ணு வாங்கிட்டுப் போயிருப்போம்ல?"

"எனக்குத் தெரியாம நடந்துருச்சும்மா."

"தெரியாமலா மேடம்? உங்க அப்பா பேரு போட்டிருக்கே."

அங்கேயே ரோட்டோரம் நின்று அவளுக்கும் திறந்துவிட்டேன், அவள் தங்கைக்கும் திறந்துவிட்டேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த அவமானம் கொதித்துக் கொதித்து மறுபடி கோபமாகவே ஆனது.

மறுநாள் காலையில் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"குடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிட்டு வாங்க."

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "தாம்பூலம் குடுத்துட்டு யாராவது திருப்பிக் கேப்பாங்களாடி? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும்."

அண்ணன் எழுந்தான். "நான் போயிட்டு வர்றேன், விடு."

"நீ வேணாம். குடுத்த கைதான் கேக்கணும்."

போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாங்கின ராத்திரியே கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலிருந்து பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பார்கள். பூட்டுமேல் பூட்டாகப் போட்டவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் நிற்க வேண்டும், அவருக்கும் உறைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்பா காபியைப் பாதியில் வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

பொழுது சாயும்போது வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துணிப்பையை என் முன்னால் கவிழ்த்தார். சிவப்புப் பென்டிரைவ்கள் தரையில் சிதறின.

"எண்ணிப் பாத்துக்க. ரொம்பத் தூரத்துக்காரங்க பஸ்ல குடுத்து விடுறேன்னுட்டாங்க. மத்தபடி ஒண்ணு பாக்கியில்ல." அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "உங்கம்மா சொன்ன மாதிரி எவனும் மூஞ்சியச் சுளிக்கல ஆயி. எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் எடுத்துக் குடுத்தாங்க. தியாகேசன் மூணையும் குடுத்துட்டான். 'நாங்க ஏத்திக்கிட்டோம், நீங்க கொண்டு போங்க'ன்னான். தங்கமான மனுசங்க. உன் பாடம் உங்கிட்டயே வந்துருச்சு, போதுமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தத் தியாகேசன் மாமாவின் பல்லை உடைக்கலாம் போலவும் இருந்தது.

"ஏத்திக்கிட்டோம்னா என்னன்னு கேட்டீங்களாப்பா?"

"என்ன?"

"பாடம் அவங்ககிட்டயே இருக்குன்னு அர்த்தம். இது வெறும் டப்பா. நெல்லு மூட்டைன்னா தூக்கிட்டு வந்தா அங்க இருக்காது. இது அப்படி இல்ல. இதை நீங்க எத்தனை வீட்லேர்ந்து வாங்கிட்டு வந்தாலும் அங்க ஒரு மணி குறையாது."

அப்பா தரையில் கிடந்ததைப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கழற்றி உள்ளேயும் பார்த்தார்.

"அப்ப நான் அலைஞ்சது?"

"சும்மாதான்."

"இது உனக்குக் காலையிலயே தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபம் என்னை விடவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அனுப்புனியா?"

"ஆமாம்ப்பா."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவர் கத்தவில்லை. பென்டிரைவை மற்றவற்றோடு தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு உழைப்பு இது, திருப்பிக் குடுத்துருங்கன்னு ஒவ்வொரு வீட்லயும் கையெடுத்துக் கும்புட்டுல்ல கேட்டேன்" என்றார்.