சிக்னல் தேவையில்லை

அப்பாவுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். அப்பா தையல்காரர். ஆனால் பேசிய ஒருவர்கூட அவர் தைத்த சட்டையைப் பற்றிப் பேசவில்லை. பள்ளி வாசலில் அவர் நின்ற இருபத்திரண்டு வருஷத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

அக்கா முதல் வகுப்புப் படிக்கும்போது ஒரு லாரி அவளுடைய பையை உரசிக்கொண்டு போனது. மறுநாள் அப்பாவே அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார். பின்னால் தயங்கி நின்ற நாலு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான். ஆரஞ்சுத் துணியில் தனக்கு ஒரு மேலங்கி தைத்துக்கொண்டார். ஒரு பலகையில் ‘நில்’ என்று எழுதிக் கம்பில் அறைந்தார். பிள்ளைகள் அவருக்கு ‘நில்லு மாமா’ என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும், பள்ளி திறக்கும்போதும் விடும்போதும் அவர் அங்கே நின்றார். காய்ச்சல் வந்தாலும் நின்றார்.

அதற்காக வீட்டைக் கவனிக்காமல் விட்டவர் இல்லை. எங்கள் சீருடைக்கு இஸ்திரி போட்டது, தலை பின்னிவிட்டது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஒரு மாதம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது எல்லாம் அவர்தான். பின்னல் மட்டும் கோணலாகவே வரும். “துணி மட்டும் நேரா வருது, பொண்ணு தலை வரமாட்டேங்குது” என்று அம்மா கிண்டல் செய்வாள்.

ஒரு மத்தியானம், கடையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மிஷின் மேல் சாய்ந்துவிட்டார். அறுபத்தொரு வயது.

கூட்டத்துக்கு அவருடைய போட்டோ ஒன்று கேட்டிருந்தார்கள். அதைத் தேடும்போது பீரோவில் ஒரு ஃபைல் அம்மாவின் கைக்கு வந்தது. பள்ளி வாசலில் சிக்னல் கேட்டு அப்பா நகராட்சிக்கு எழுதிய ஒன்பது மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் அதில் இருந்தன. எல்லாப் பதிலிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: ‘மேற்படி இடத்தில் தன்னார்வலர் ஒருவர் திறம்படப் பணியாற்றி வருவதால் சிக்னல் தேவையில்லை எனக் கருதப்படுகிறது.’

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

“இவர் நின்னதாலதான் விளக்கு வரலையா?”

நான் அடுத்த பதிலையும் எடுத்து நீட்டினேன்.

“இது தெரிஞ்சும் நின்னிருக்காரு பாரு.”

“நிக்கலைன்னா பிள்ளைங்க என்ன ஆகும்னு நினைச்சிருப்பாரும்மா.”

“அவர் அப்படி நினைப்பாருன்னு நகராட்சிக்காரங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.”

கூட்டத்தில் நகராட்சித் தலைவர் குரல் தழுதழுக்கப் பேசினார். அடுத்துப் பேசிய தலைமையாசிரியை, இந்தச் சேவை நின்றுவிடக் கூடாது, குடும்பத்திலிருந்தே ஒருவர் முன்வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா எழுந்தாள். மைக்கைக்கூட வாங்காமல் கடைசியாக வந்த பதிலைப் படித்துக் காட்டினாள்.

“எங்க வீட்லேருந்து இனிமே யாரும் வரமாட்டோம். விளக்கு போடுங்க.”

“ஆவன செய்யறோம்மா” என்றார் தலைவர்.

அடுத்த வாரம் பெற்றோர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து மேலங்கியையும் பலகையையும் கேட்டார்.

“யாரு நிக்கப் போறீங்க?” என்றாள் அம்மா.

“முறை போட்டு நிக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு.”

“முதல் முறை உங்களுதா?”

“எனக்கு எட்டரைக்கு ஆபீஸ்மா.”

“அப்ப இது இங்கயே இருக்கட்டும்” என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து வாரம் யாரும் நிற்கவில்லை. ஆறாவது வாரம் மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்றை ஒரு வேன் அடித்துத் தள்ளியது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வராத விளக்கு பத்தே நாளில் வந்தது. கம்பத்தில் அப்பாவின் பெயரைப் பொறித்தார்கள். திறப்பு விழாவுக்கு எங்களுக்கும் அழைப்பிதழ் வந்தது. அம்மா அதைப் பிரிக்கவே இல்லை.

“அந்த மனுஷன் எப்பேர்ப்பட்டவரு. அந்தம்மா பாருங்க, பலகையைக்கூடத் தரலையாம்” என்று மளிகைக் கடையில் என் காதுபடவே பேசினார்கள். அம்மா படித்துக் காட்டிய கடிதம் யாருக்கும் நினைவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் அம்மா. தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. குழந்தையின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தாய் எங்களை ஏறிட்டுப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது.”

“ஆமா, ஆகியிருக்காது” என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினாள்.

“உங்க அப்பா மேல எனக்குக் கோவமா வருதுடி. இத்தனை வருஷமும் அவரு நல்லவரா இருந்துட்டுப் போயிட்டாரு. கெட்ட பேர் வாங்குற வேலையை எனக்கு வச்சுட்டாரு.”

“நீ செஞ்சது தப்பில்லைம்மா.”

“அதை அந்தப் பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லுவியா?”



மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்வரை, இருபத்தாறு நாள், கட்டில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் கிடந்தது. அந்தத் தாய் ஒரு நாள்கூட அவளை உட்காரச் சொல்லவில்லை.