அகழியில் கிடந்த முட்டி

கோட்டை என்று பெயர்தான். கல்லும் இல்லை, கதவும் இல்லை. லண்டன் முடிகிற கிழக்கு ஓரத்துச் சிறு நகரத்தில், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அதைச் சுற்றி ஓர் அகழி. ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ ஒரு பிரபு வெட்டுவித்தாராம். மண் சுமந்தவன் பெயரை எந்தப் பலகையிலும் காணோம். அது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

மாசியில் அடைமழை பெய்து, அகழி நிரம்பி, ஒரு பக்கத்தால் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுதான் சந்திரவதனா ஆறு என்று நம்பினாள். புருஷன் பரமேஸ்வரன் செத்து முப்பத்தொராம் நாள் சடங்கு இன்னும் கழியவில்லை. அகதி வழக்கு முடியாமலே இந்த நாட்டில் இழுபட்ட மனுஷன். தாய் செத்ததற்கும் ஊருக்குப் போக வழியில்லை. "செத்த பிறகெண்டாலும் என்னை இஞ்சயிருந்து போகவிடு" என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக் கேட்டார். சாம்பலை ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைக்க அவளாலும் ஏலாது. அவளுடைய வழக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீர் எப்படியும் கடலுக்குத்தானே போகும்? சாம்பலை ஒரு முட்டியில், சின்ன மண்பானையில், இட்டு, வெள்ளைத் துணியால் வாய்கட்டி அகழியில் விட்டாள். முட்டி அமிழ்ந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றாள்.

ஆடி அமாவாசை வந்தது. பிள்ளையில்லாத மனுஷனுக்கு வேறு யார் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? விரதமிருந்து, மேல்வீட்டு மாலினியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் ஆற்றைக் காணோம். வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, நடுவில், விட்ட இடத்திலேயே, முட்டி.

"ஐயோ மாலினி, அவர் போகேல்லை," என்றாள். "இஞ்சயே கிடக்கிறார்."

சரிவில் குந்திக் குந்தி இறங்கி, முட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். துணி உக்கிப் போயிருந்தது. உள்ளே சேறும் சாம்பலும் ஒரே கட்டியாக இறுகியிருந்தன. தேம்ஸுக்குக் கொண்டுபோவோம், படகுக்காரன் ஒருவனைப் பிடிப்போம் என்று மாலினி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு இறங்கி வந்தார். கழுத்தில் அட்டை, கோட்டையைப் பராமரிக்கும் சங்கத்துத் தொண்டராம். முட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மறு நிமிடமே இறுகியது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு மாலினி திரும்பினாள். "அக்கா, இது சட்டத்தாலை காக்கிற இடமாம். ஒண்டும் எடுக்கக்கூடாதாம், ஒண்டும் போடவும் கூடாதாம். போட்டால் பொலிசாம். இது அந்தக் காலத்துச் சட்டியோ, உங்கடையோ எண்டு கேக்கிறார்."

சந்திரவதனா முட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பொலிஸ் வந்தால் வழக்கில் ஒரு கரும்புள்ளி. கரும்புள்ளி விழுந்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் அவளைத் தேடித் திரிந்தவர்கள் இன்னும் செத்துப்போகவில்லை.

"உண்மையைச் சொல்லட்டோ, அக்கா? ஆள் நல்லவர் போலக் கிடக்கு."

"என்ரை இல்லையெண்டு சொல்லு."

"அக்கா..."

"என்ரை இல்லை. சேத்துக்குள்ளை கிடந்து எடுத்தது எண்டு சொல்லு."

மாலினி சொன்னாள். கிழவர் சிரித்தார். கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் முட்டியை வாங்கி, அவளுக்கு நன்றியும் சொன்னார். அடியில் குயவன் அடையாளம் ஏதும் உண்டா என்று பார்க்க அதைக் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். கட்டி பிளந்து புல்லில் கொட்டியது, சேற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சாம்பல். கிழவரின் கண் முட்டியின் அடியை விட்டு அகலவில்லை. நாய் வந்து முகர்ந்தது, நாக்கை நீட்டியது.

சந்திரவதனா ஓரடி முன்னால் வைத்தாள். பிறகு அங்கேயே நின்றாள்.

"மாலினி, நாயைப் பிடிக்கச் சொல்லு," என்றாள். "வேறை ஒண்டும் சொல்லாதை. நாயை மட்டும் பிடிக்கச் சொல்லு."