குறட்டைக்குச் சாட்சி

டைட்டஸின் குறட்டையை மீன்பிடிப் போட்டில் இருந்த பத்துப் பேரும் பன்னிரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார்கள். எஞ்சின் சத்தத்தோடு அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் கலங்கடித்தது குறட்டை நிற்கும் நேரம்தான். மூச்சும் கூடவே நின்றுபோகும். யாராவது ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும். நாற்பது நாள் கடலில் கிடக்கிறவர்களுக்கு இது ஆகிற காரியமா? போட்டு ஓட்டும் ஜெபிஷ், குளச்சலில் கரை சேர்ந்ததும், சுகமாக்கிவிட்டு வாரும் என்று சொல்லிவிட்டான்.

கரையில் அவருக்கு என்ன இருக்கிறது? மனைவி பிலோமி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் ஜெமி குவைத்தில் நர்ஸ். போட்டில் அத்தனை பேருக்கும் சோறு வடித்தவர், வீட்டில் ஒரு ஆளுக்கு அரிசி போடக் கணக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்றார். திரும்பவும் போட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

தூங்கும்போது மாட்டிக்கொள்ள நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடி மெஷின் மூச்சு முட்ட வைத்தது. கழற்றி வைத்துவிட்டார். பிறகு அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யும் ஷைஜா என்ற பெண் ஒரு தாளைக் கொடுத்துப் பயிற்சி சொல்லித் தந்தாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பின்னுக்கு இழுக்க வேண்டும், இருபது தடவை. வாயைப் பிளந்து, உள்நாக்கு மேலே ஏற ‘ஆ’ சொல்ல வேண்டும், அதுவும் இருபது. தினமும், மூன்று மாதம். செய்து முடிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிடும். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்ததால் பிலோமியின் செபமாலையை எடுத்துக்கொண்டார். யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று, விடிந்ததும் கடற்கரையில் மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அங்கேதான் பக்கத்து வீட்டுக் குளோரி பார்த்துவிட்டாள். கையில் செபமாலை, மூடிய கண், அதில் வழியும் நீர், வாயில் எந்தப் பாஷையிலும் சேராத சத்தம். ஒரு தியானக் கூட்டம் விடாமல் போய்வருகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? டைட்டஸ் அண்ணனுக்கு ஆவியின் வரம் கிடைத்து அந்நிய பாஷையில் செபிக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே நாலு பெண்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் ஒன்பது பேர், கையில் சாளைப் புளிமுளக் குழம்போடு. டைட்டஸ் கண்ணை மூடி ‘ஆ’ என்றார், அவர்கள் ‘ஆமென்’ என்றார்கள். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆறு வருடமாகத் தூசி தட்டாத நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதை இழக்க அவருக்கு மனமில்லை.

மூன்றாம் வாரம் குளோரி குழம்புச் சட்டியோடு தனியாக வந்தாள். கழுத்தில் கட்டி, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் தான் போகப்போவதில்லை என்றாள்.

“அண்ணனுக்க செபம் போதும் எனக்கு.”

டைட்டஸ் நாக்குப் படங்கள் போட்ட தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இது செபம் இல்ல மக்கா. கொறட்டைக்கு உள்ள பயிற்சியாக்கும். நீ ஆபரேஷனுக்குப் போ.”

அவள் தாளை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தன் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் யாரும் வரவில்லை. குளோரி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை மீன்காரி சொல்லித்தான் அறிந்தார். அந்த ஒரு நிம்மதி.

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குறட்டை குறைந்திருக்கிறதா, பக்கத்தில் படுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஷைஜா கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்றார். அப்படியானால் இரவில் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், அப்புறம் பரிசோதிக்கலாம் என்றாள்.

மறுநாள் காலையில், இரவு பதிவானதைக் கேட்கப் போனைக் காதில் வைத்தார். கடல் இரைந்தது. நடுவில் லேசாக ஒரு கரகரப்பு, ஒரு பல்லி. தள்ளித் தள்ளிக் கேட்டார், ஆறு மணி நேரமும் அப்படியே. சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனால் அந்த வீட்டில் யாருமே படுத்திருக்கவில்லை என்பது போல இருந்தது.

‘கொறட்டை நின்னாச்சு, நான் வரட்டா?’ என்று ஜெபிஷுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். போட்டு சிக்னல் எட்டாத ஆழ்கடலில் கிடந்தது. ஒற்றை டிக்தான் விழுந்தது. யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று, செபமாலையை எடுத்துக்கொண்டு கெபிக்குப் பின்னால் நடந்தார்.