கடைசிப் பக்கத்தின் பின்புறம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் வரி, என் அக்காவின் வீட்டு அடமானப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் எழுதப்பட்டது. பதினொரு வருடங்களுக்கு முன்பு அக்காவுக்குத் துணையாக வங்கிக்குப் போயிருந்தேன். மேசையெல்லாம் தாள்கள். ஒன்று குப்புறக் கிடந்தது, வெள்ளையாக இருந்தது. வீண் தாள் என்று நினைத்து எடுத்து எழுதினேன்:

"அன்று மழை வரும்போல் இருந்தது, ஆனால் வரவில்லை."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திருப்பிப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் பத்து வருடம் கழித்து.

2

[வேறு தொடக்கம்: "வங்கிகள் எதையும் தொலைப்பதில்லை என்று நம்பிய ஓர் அதிகாரி—" வேண்டாம். பழி அவர்மேல் விழுகிறது.]

அக்கா வீட்டின் முன்னறையில் தையற்கூடம் நடத்துகிறாள். கடன் வாங்கியது தையல் இயந்திரங்களுக்கு. பள்ளிச் சீருடை ஆர்டர் வேறு கைக்குப் போனதும் தவணை நின்றது. வீட்டை ஏலம் விட வங்கி கோப்பைத் திறந்தது. கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தைக் காணோம்.

வக்கீல் சொன்னார்: "கடன் வாங்கினது வாங்கினதுதான், கட்டித்தான் ஆகணும். ஆனா கையெழுத்து இல்லாத பத்திரத்த வச்சுக்கிட்டு வீட்டுமேல கை வைக்க முடியாது. அவங்க என்ன நீட்டினாலும் புதுசா கையெழுத்துப் போட்டுடாதீங்க."*

* வக்கீல் இந்தக் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். ஃபீஸ் வாங்கிவிட்டார், இனி நீக்க முடியாது.

3

கடன் கொடுத்த அன்று அந்தக் கோப்பைப் பார்த்த வங்கி அதிகாரி போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பக்கம் கிடைக்கும்வரை ஓய்வூதியம் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்களாம். [அவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முடியவில்லை.]

"கையக் கொடுங்க சார்" என்று அக்கா அந்தப் பொத்தானைத் தைக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்கதானே?"

"போட்டேன் சார். போட்டத இல்லன்னு சொல்ல மாட்டேன். வக்கீல் வேணாங்கறாரு, அதனால புதுசா போடவும் மாட்டேன். பழசு கிடைச்சா நானே கொண்டுவந்து தரேன்."

"வீடு போயிடுமேம்மா."

"போகும்தான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "டேய், நீயும் அங்கதானே இருந்த? பார்த்தியா?"

"தேடிப் பார்க்கறேன்க்கா" என்றேன். இத்தனை வருடம் எழுதி நான் கற்றது, பதில் சொல்லாமல் பதில் சொல்வது ஒன்றைத்தான்.

4

முடிவு அ: கொடுத்துவிடுகிறேன். அதிகாரி நிம்மதியாகிறார். அக்கா ஒரு வாடகை அறையில் நின்று, இயந்திரங்களை எங்கே போடலாம் என்று நாடாவால் அளக்கிறாள். இதை எழுதும்போது அழுதேன்.

முடிவு ஆ: எரித்துவிடுகிறேன். வீடு தப்புகிறது. பொத்தான் தைத்த அந்தச் சட்டையோடு அவர் வங்கி வராந்தாவில்—

முடிவு இ: வங்கி மனமிரங்கித் தவணையைத் தள்ளிவைக்கிறது. என் முந்தைய புத்தகங்களைக்கூட இதைவிட அதிகம் பேர் நம்பினார்கள்.

5

எல்லாமே கற்பனை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தாள் இதோ இருக்கிறது. அக்கா எதையும் அழுத்தி எழுதுகிறவள். மழை வரியின்மேல் விரலை ஓட்டினால் அவள் கையெழுத்து தட்டுப்படுகிறது.

மீதிக் கதையை வேறு தாள்களில் எழுதி, இந்தத் தாளை முதல் பக்கமாக வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. அதிகாரி வியாழக்கிழமை மறுபடி வருகிறார். நான் அங்கே இருக்க மாட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் தேட வேண்டாம்.

இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் போனால் அக்கா கதவைத் திறப்பாள், நாற்காலியில் கிடக்கும் துணிகளை ஒதுக்கி உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள். அதிகாரி பக்கத்தில் இருப்பார். அக்கா யாரிடமும் ஒருமுறைதான் கேட்பாள்.

"நீங்க பார்த்தீங்களா?"