வெஸ் டாலிவரின் கடைசி ரீல்

வெஸ் டாலிவர் என்ற ஹாலிவுட் கௌபாய் நடிகர், ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன் எடுத்த ஊமைப்படம் ஒன்றில் ஓடும் ரயிலின் கூரைமேல் தாவிக்கொண்டிருந்தவர், போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் விசில் சத்தம் கேட்டு நின்று திரும்பிப் பார்த்தார். ரயில் நிற்கவில்லை, அவர் மட்டும் நின்றார். விசிலடித்தவர் பழனிவேல். மதுரையில் ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளராக இருந்து, பிறகு ஆக்லாந்துக்கு வந்து பஸ் ஓட்டுகிறவர். அவர் நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்தால் மனுக்காவ் துறைமுகத்தில் படகில் இருப்பவனே திரும்பிப் பார்ப்பான். வெஸ் டாலிவர் திரும்பியதில் என்ன அதிசயம் என்று நம் ஆட்கள் கேட்டார்கள். நியாயந்தான்.

படம் வந்த வழி எளிது. பழனிவேலும் அவர் மனைவி ஸ்வர்ணாவும் மோர்ட்கேஜ் எடுத்து வாங்கிய பழைய மரவீட்டின் அடியில் தகர டப்பாக்களும், கையால் சுற்றும் புரொஜெக்டர் ஒன்றும் கிடந்தன. அந்தக் காலத்தில் படங்கள் கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கடைசியாக இங்கே வந்து சேரும். இதற்கு அப்பால் தியேட்டர் கிடையாது, கடல்தான். திருப்பி அனுப்புகிற கூலிக்குப் படம் பெறாது என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்வர்ணா யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லத்தில் நர்ஸ், எதையும் சுத்தமாகச் செய்கிறவர். அந்தப் பழைய ரீல் தீப்பொறியைக் கண்டாலே பற்றிக்கொள்ளும் என்று படித்துவிட்டு, தோட்டத்துக் குழாயைத் திறந்த கையோடுதான் முதல் காட்சிக்கே உட்கார்ந்தார்.

கராஜில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டிச் சனிக்கிழமைதோறும் நம் ஆட்களைக் கூட்டி ஓட்டினார்கள். இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைப் பழனிவேல் மதுரைத் தமிழில் உரக்கச் சொல்வார், ஸ்வர்ணா உடனே யாழ்ப்பாணத் தமிழில் திருத்துவார். இரண்டாம் வாரம் டாலிவர் விசிலுக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கினார். மூன்றாம் வாரம் அட்டைகளில் கதைக்குச் சம்பந்தமில்லாத சொற்கள் வரத் தொடங்கின. அவர் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வயோமிங்கில் குதிரை விற்கிறவரின் மகன். சர்க்கஸில் குதிரையிலிருந்து விழுவதுதான் முதல் வேலை. சினிமாவிலும் அதே வேலை கிடைத்தது: பெரிய நடிகர்கள் குதிரை ஏறுவார்கள், இவர் விழுவார். ஒருநாள் கதாநாயகன் குடித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு வரவில்லை. விழுகிறவனையே நிமிர்த்தி நிறுத்திப் படமெடுத்தார்கள், அமெரிக்கா மயங்கியது. ஆள் பாதி ஆடை பாதி என்பதை அவரும் அறிந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, பட்டுச் சட்டை, வெள்ளி முள் வைத்த பூட்ஸ். ஜூனிப்பர் என்ற தன் குதிரை உள்ளே வந்துபோக வசதியாக வீட்டு வாசலையே அகலப்படுத்தினார்.

பிறகு படங்கள் பேசத் தொடங்கின. மைக் முன்னால் நிறுத்தினார்கள், அந்த ஆஜானுபாகுவிடமிருந்து கோழிக்குஞ்சுக் குரல் வந்தது. எடுத்து முடிக்கப் பாக்கியிருந்த ஊமைப்படம் இது ஒன்றுதான். கம்பெனிக்காரர்கள் அதன் முடிவை மாற்றி, மலைப்பிளவின் ஓரத்தில் வில்லன் அவரைப் பின்னாலிருந்து சுட்டுக் கொல்வதாக எடுத்து, அன்றைக்கே ஒப்பந்தத்தையும் முடித்தார்கள். மற்ற படங்களெல்லாம் ஒரு கிடங்குத் தீயில் போயின. "அதற்குப் பிறகு அந்த மனிதன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. நான் இந்த ரீலிலேயே தங்கிவிட்டேன்" என்றது அட்டை. அதாவது, ஒவ்வொரு முறை படம் ஓடும்போதும் அவர் செத்துக்கொண்டிருந்தார். இதைப் படித்த அன்று கராஜில் கொண்டுவந்த சமோசாவை யாரும் தொடவில்லை. இவ்வளவு நாள் கைதட்டி அவரைச் சாவுக்கு வழியனுப்பியிருக்கிறோமே!

அதைவிடக் கெட்ட செய்தி டப்பாவில் இருந்தது. கடைசி ரீல் பிசுபிசுத்து, ஓரமெல்லாம் பழுப்புப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு முறை ஓடும், அதுவும் சந்தேகம். ஓட்டாமலே வைத்துவிடலாம் என்றார் ஸ்வர்ணா. அடுத்த சனிக்கிழமை மற்ற ரீல்களை மட்டும் ஓட்டியபோது அட்டை பதில் சொன்னது: டப்பாவில் பொடியானால் நானும் உள்ளேயே பொடியாவேன், ஓட்டுங்கள். பழனிவேல் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம ஆளு சாகக் கூடாது. அம்புட்டுத்தான்."

மதுரையில் ஹீரோ இறக்கிற படம் ஒன்றுக்கு இவருடைய மன்றத்தார் நாற்காலிகளைத் தூக்கிப்போட்டதில், ஒரே வாரத்தில் முடிவை மாற்றி எடுத்து அனுப்பினார்களாம். சத்தம் போட்டால் நடக்கும் என்பது அவருடைய அனுபவம். டாலிவருக்குத்தான் இவர்கள் சத்தம் கேட்கிறதே! வில்லன் குறிபார்க்கும் நேரத்தில் எல்லாரும் சேர்ந்து கத்தினால் திரும்பிவிட மாட்டாரா?

செய்தி மவுண்ட் ரோஸ்கிலுக்குப் போய், அங்கிருந்து ரானுயிக்குப் போய், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை இருட்டியதும் தெரு நிறையக் கார்கள். படுக்கைவிரிப்பை கராஜ் வாசலிலேயே கட்டி, டிரைவ்வேயிலிருந்து சாலைவரை நாற்காலி போட்டார்கள். ஒட்டுப்பலகையில் டாலிவருக்குக் கட்அவுட் எழும்பியது. மாலை விழுந்தது, சூப்பர்மார்க்கெட் பால் கேன் கேனாக அபிஷேகமானது. பலகைக்குப் பாலூற்றுகிறது என்ன பழக்கம் என்று முகஞ்சுளித்த யாழ்ப்பாணத்தாரும் வரிசையில் நின்று ஊற்றினார்கள். கற்பூரம் கொளுத்தவந்தவரை மட்டும் ஸ்வர்ணா குழாயால் நனைத்து அனுப்பினார்.

ரீல் ஓடத் தொடங்கியதும் தெரு அதிர்ந்தது. பறை, விசில், கிழித்தெறிந்த காகிதம். டாலிவர் பிளவின் ஓரத்துக்கு வந்து ஜூனிப்பரை நிறுத்தி, நூறு வருடமாகத் தனக்குக் கிடைக்காத கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி இடப்பக்கம் வணங்கினார், வலப்பக்கம் வணங்கினார். அவருக்குப் பின்னால் பாறைமறைவில் துப்பாக்கி நீண்டது. பின்னாலே, பின்னாலே என்று எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அதையும் வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டு அவர் இன்னும் குனிந்து வணங்கினார். கத்தக் கத்த அவர் வணங்கினார். பிரியத்தாலேயே ஆளைக் கொன்றுவிடும் சனம் நம் சனம். பழனிவேல் புரொஜெக்டரைச் சுற்றியபடி அழுதுகொண்டிருந்தார், கையை நிறுத்தினால் ரீல் அறுந்துவிடும்.

ஸ்வர்ணா நாற்காலிமேல் ஏறினார்.

"எல்லாரும் வாயை மூடுங்கோ. அவர் உங்களைத்தான் பாக்கிறார், அவனைப் பாக்கேல்லை."

கூட்டம் வாயை மூடியது. ஆக்லாந்துத் தமிழர் இத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை, தமிழ்ச் சங்கத்தின் அஞ்சலிக் கூட்டங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த அமைதியில், ஊமைப்படத்துக்குள்ளிருந்து துப்பாக்கியின் விசை 'டக்' என்று கேட்டது. ஜூனிப்பரின் காது நிமிர்ந்தது. டாலிவர் அதன் கழுத்தோடு படுத்தார். குண்டு அவர் முதுகை உரசிப் படுக்கைவிரிப்பைத் துளைத்து வெளியே வந்து, சாலையோரம் நின்ற மறுசுழற்சித் தொட்டியின் மஞ்சள் மூடியில் பாய்ந்தது. குதிரை பிளவின் மேலே தாவியது.

ஆனால் அக்கரை இல்லை. இக்கரையிலேயே சாகப்போகிறவனுக்கு அக்கரை எதற்கு என்று கம்பெனிக்காரர்கள் அதை எடுக்கவேயில்லை. ரீல் முடிந்து வால் படபடவென்று அடித்தது, பின் பொடியாகி உதிர்ந்தது, திரை வெறும் வெள்ளையானது. குதிரையும் மனிதரும் இன்னும் அந்தரத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. பழனிவேல் மட்டும் வெறும் புரொஜெக்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தார், அவரை யாரும் தடுக்கவில்லை. அப்போது படுக்கைவிரிப்பு புடைத்துக் கிழிந்தது. ஜூனிப்பர் முன்வரிசைத் தலைகளுக்கு மேலாக வந்து டிரைவ்வே கான்கிரீட்டில் இறங்கியது. அதற்குப் பிறகு எழுந்த விசிலில் அடுத்த தெருக்காரர் எட்டிப்பார்த்து, கொஞ்சம் மெதுவாக என்று கேட்டுக்கொண்டு, குதிரையைத் தடவிவிட்டுப் போனார்.

இப்போது டாலிவர் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒற்றையறையில் இருக்கிறார். ஜூனிப்பர் ரானுயிப் பக்கம் ஒரு புல்வெளியில் மேய்கிறது. விசா விஷயம் இன்னும் முடியவில்லை, யாருக்குத்தான் இங்கே உடனே முடிந்திருக்கிறது? பழனிவேலிடம் ஆமா என்கிறார், ஸ்வர்ணாவிடம் ஓம் என்கிறார். சங்கத்து நாடகங்களில் மேலேயிருந்து விழுகிற வேடமெல்லாம் அவருக்கே போகிறது. போன மாதம் காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் நுரையோடு சமையலறைக்கு ஓடிவந்து, காதுக்கு மேலே தலைமுடியை விலக்கிக் காட்டினார்.

"ஸ்வர்ணாக்கா, இஞ்ச பாருங்கோ."

ஸ்வர்ணா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். நூறு வருடத்தில் வந்த முதல் நரைதான் என்று உறுதி சொன்னார். டாலிவர் குதித்தார். மாலையில் பாயசம் வைத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.