வழியனுப்பி நாற்பது நாள்

எங்களை வழியனுப்பி நாற்பது நாளாகிறது. நாங்கள் இன்னும் வரிச்சிக்குடியில், மாமியார் வீட்டில்தான் இருக்கிறோம்.

தனிக்குடித்தனத்துக்கு வழியனுப்பியதெல்லாம் முறையாகத்தான் நடந்தது. அத்தை பாயசம் வைத்து, எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்து, தெருவே பார்க்க அழுதார். கொழுந்தன் மாறனின் மனைவி வினோதாவிடம் அடுப்படியை ஒப்படைத்தேன். மறுநாள் வண்டி வர வேண்டும். அன்று சாயங்காலம், தலத்தெருவில் நாங்கள் வாடகைக்குப் பேசியிருந்த வீட்டின் சொந்தக்காரர் என் கணவருக்குப் போன் செய்தார். அங்கே குடியிருக்கும் பெண்ணுக்கு ஏழாம் மாதம். மாசமாக இருப்பவள் வீடு மாறக் கூடாதென்று அவள் அம்மா பூவத்திலிருந்து வந்து தடுத்துவிட்டாராம். பிரசவம் முடிந்துதான் காலி செய்வார்கள்.

"மூணு மாசம்தானே, ஓடிடும்," என்றார் இவர். ஓடவில்லை.

என் பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கிடக்கிறது. எனக்குக் காபி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட டம்ளரில் வருகிறது. காய் நறுக்கப் போனால், "நீ உக்காரும்மா, அவ பாத்துக்குவா," என்கிறார் அத்தை. ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை என்னைத் திட்டியவர், இந்த நாற்பது நாளில் ஒரு வார்த்தை திட்டவில்லை.

வினோதா சங்கரா மீன் குழம்பில் மாங்காய் போட்டாள். இவர் இரண்டாம் தடவை சோறு வாங்கி, "கொழம்பு பிரமாதம்மா," என்றார். என் குழம்புக்கு இவரிடமிருந்து கிடைத்த அதிகபட்சப் பாராட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து." நான் ஒவ்வொரு வாயிலும் குறை தேடினேன். ஒரு முள்கூட மாட்டவில்லை.

புதன்கிழமை காலை கொல்லையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "எழிலு, அரிசி களைஞ்சிட்டியா?"

என் பேர். எழுந்து ஓடினேன். நான் அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குள் உள்ளேயிருந்து பதில் போயிற்று.

"களைஞ்சிட்டேன் அத்தே."

வினோதா அரிசிப் பானையோடு நின்றாள்.

"எம் பேரையும் எடுத்துக்கிட்டியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்க நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

"நானா எடுத்தேன்?" பானையை இறக்கி வைத்தாள். "மொத வாரம், 'நான் வினோதா அத்தே'ன்னு சொன்னேன். 'சரி எழிலு'ன்னாங்க. அப்புறம் விட்டுட்டேன்."

"என் பேரு அவங்க வாய்ல பழகிப்போச்சு."

"உப்பு தூக்கலா இருந்தா மட்டும் கரெக்டா வினோதான்னு வருதுக்கா. நல்லா சமைச்சா நீங்க, கெடுத்தா நானு."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அத்தை யார் பேரைச் சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தோடு.

"எழிலு, கீரைய ஆய்ஞ்சு வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ," என்றார் அத்தை மறுபடியும்.

வினோதா என்னைப் பார்த்தாள். இந்த முறை நானே பதில் சொல்லியிருக்கலாம்.

"வினோதா," என்றேன், கொல்லைவரை கேட்கும்படி. "அத்தை உன்னத்தான் கூப்பிடுறாங்க. போய் வாங்கிட்டு வா."

கொல்லையிலிருந்து, "ஆமா... வினோதா, வா," என்று வந்தது. போட்டிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தாற்போல எனக்குக் கை வெறுமையாக இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் ஒரு பெட்டியைப் பிரித்து என் வாணலியை எடுத்து வந்தேன். "கீரைய நான் வதக்குறேன், நகரு." அவள் தேங்காய் துருவினாள். ஒரே அடுப்புக்கு முன்னால் நாலு கைகள் முட்டிக்கொண்டன.

மத்தியானம் முதல் வாயிலேயே அத்தை முகம் சுளித்தார். நானும் வாயில் வைத்தேன். கடல் தண்ணீர். நான் போட்டது போக அவளும் உப்புப் போட்டிருக்கிறாள்.

"யாருடி இதுல உப்பு போட்டது?"

வினோதா தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் அத்தே."

"ஒம்போது வருஷமா சமைக்கிறே, கையளவு தெரியாது? நெனப்பெல்லாம் தலத்தெருவுல இருந்தா இப்படித்தான்."

"நானும் போட்டேன்..." என்று வினோதா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு," என்றேன். அந்தத் திட்டையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. "இன்னும் கொஞ்சம் கீரை வை," என்று அவளிடம் தட்டை நீட்டினேன்.